எடை குறைக்கும் ஆபரேஷனுக்கு எந்தப் பணத்தை எடுப்பது?

கேள்வி: எனக்கு வயது 39. உயரம் 165 செ.மீ., எடை 118 கிலோ. ஏழு வருடங்களாகச் சர்க்கரை நோய். தூக்கத்தில் மூச்சு தடைபடுவதால் இரவில் மெஷின் மாட்டிக்கொண்டுதான் படுக்கிறேன். டயட், நடை, ஜிம் எல்லாம் பார்த்தாயிற்று. குறைந்த எடை ஒவ்வொரு முறையும் வட்டியோடு திரும்பி வந்துவிடுகிறது. டாக்டர் 'ஸ்லீவ்' அறுவை சிகிச்சை செய்துகொள்ளச் சொல்கிறார். செலவு என் எட்டு மாதச் சம்பளம். காப்பீட்டு நிறுவனத்துக்குப் போன் செய்தேன், 'எடைக் குறைப்புக்கெல்லாம் கிடையாது' என்றார்கள். அவசரத் தேவைக்கென்று ஐந்து மாதச் சம்பளமும், ஓய்வுக்காலத்துக்கென்று இரண்டு வருடச் சம்பளமும் சேர்த்து வைத்திருக்கிறேன். மருத்துவமனை வட்டியில்லாத் தவணை தருகிறதாம், ஆனால் இந்த மாதக் கடைசிக்குள் பதிவு செய்ய வேண்டுமாம். வாராவாரம் போடும் ஊசி இன்னொரு வழி. அதற்கு மாதச் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு போகும். என் அண்ணனோ, 'வாயைக் கட்ட முடியாமல் வயிற்றை வெட்டப் போகிறாயா' என்கிறார். நான் என்ன செய்வது?

பதில்: முதலில் அண்ணன் விஷயத்தை முடித்துவிடுவோம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022-இல் உலகில் எட்டுப் பேரில் ஒருவர் உடல் பருமனோடு வாழ்ந்தார். 1990-ஐ ஒப்பிட்டால் பெரியவர்களிடம் இது இரண்டு மடங்குக்கு மேல், வளரிளம் பருவத்தினரிடம் நான்கு மடங்கு. முப்பது வருடத்தில் உலகமே ஒன்றுகூடி வாயைக் கட்ட மறந்துவிட்டது என்று சொன்னால் நம்புவீர்களா? எடை குறையக் குறைய உடம்பு பசியைக் கூட்டும். ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடுகிறார்கள். 'கிரெலின்' என்ற பசி ஹார்மோன் பெருமளவு சுரப்பதும் அந்தப் பகுதியில்தான். அண்ணன் சொல்லும் 'வாய்' இருப்பது அங்கே.

சரி, பணத்துக்கு வருவோம். உங்கள் கேள்வியிலேயே எனக்கு உறுத்திய இடம், போனில் கேட்டு விட்டுவிட்டீர்களே என்பதுதான். போனில் வரும் 'கிடையாது' ஒரு பதிலே அல்ல. பாலிசியில் 'விலக்குகள்' பக்கத்தை எடுத்துப் படியுங்கள். எடைக் குறைப்பு கிடையாது என்று ஒரு வரி இருக்கும். பல பாலிசிகளில் அதற்குக் கீழேயே, இன்னின்ன நிபந்தனைகள் பொருந்தினால் உண்டு என்றும் இருக்கும். அந்த நிபந்தனைகள் பெரும்பாலும் 1991-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் கருத்தரங்கம் வகுத்த கோட்டை ஒட்டியவை: பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு அதிகம் என்று காட்டும் எண்) 40-ஐத் தொட வேண்டும், அல்லது 35-ஓடு சர்க்கரை போன்ற தீவிர நோய் இருக்க வேண்டும். 2022-இல் அறுவை சிகிச்சை நிபுணர்களின் சங்கங்கள், வேறு நோய் இல்லாவிட்டாலும் 35 போதும் என்று தளர்த்திவிட்டன. உங்கள் எடையை, மீட்டரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் பிஎம்ஐ 43 வருகிறது. பழைய கோடோ புதிய கோடோ, இரண்டையும் தாண்டி நிற்கிறீர்கள்.

மீதி, டாக்டர் எழுதும் கடிதத்தில் இருக்கிறது. என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒருவருக்கு முதல் விண்ணப்பம் ஒரே வரியில் திரும்பி வந்தது: 'அழகு சார்ந்த சிகிச்சை.' கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். 'எடை குறைப்பதற்காக' என்று மட்டும் எழுதியிருந்தது. அவருடைய சர்க்கரை பற்றி ஒரு வார்த்தை இல்லை. மறுபடி எழுதி வாங்கினோம். சர்க்கரை அளவுகள், தூக்கப் பரிசோதனை அறிக்கை, எந்தெந்த வருடம் என்ன டயட் இருந்தார், எத்தனை கிலோ குறைந்து எத்தனை கிலோ ஏறியது, எல்லாம் தேதியோடு. மூன்றாவது கடிதத்துக்கு அனுமதி வந்தது. நீங்களும் எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள், மறுத்தால் மேல்முறையீடு செய்யுங்கள். சிக்கல் வந்து மறுபடி அனுமதிக்க நேர்ந்தால் அதுவும் சேருமா என்ற கேள்வியையும் அதே கடிதத்தில் போடுங்கள்.

மாதக் கடைசி கெடுவைப் பற்றிக் கவலை வேண்டாம். உங்கள் இரைப்பை முப்பதாம் தேதி காலாவதியாகாது. 'முழுத்தொகையையும் ஒரே தடவையில் கட்டினால் எவ்வளவு?' என்று கேட்டுப் பாருங்கள். விலை இறங்கினால், இறங்கிய தொகைதான் அந்த 'வட்டியில்லாத்' தவணையின் வட்டி. ஒரு தவணை தவறினால் என்ன அபராதம் என்றும் கேளுங்கள்.

அப்புறம் மருத்துவமனை செலவுக் கணக்கைப் போட்டுத் தரும் பேக்கேஜ் தாள். அதில் தையலில் கசிவு, தீவிர சிகிச்சைப் பிரிவு, மறு அனுமதி ஆகியவற்றுக்குத் தனிக் கட்டணமா என்று பாருங்கள். நல்ல கைகளில் இது பித்தப்பை ஆபரேஷன் அளவுக்குப் பாதுகாப்பானதுதான். ஆனால் சிக்கல் வந்தால் முதல் சில வாரங்களில் வரும், அதாவது நீங்கள் விடுப்பில் இருக்கும்போது. அதனால்தான் அவசர நிதியைத் துடைத்து எடுத்து ஆபரேஷனுக்குக் கட்டாதீர்கள் என்கிறேன். மருத்துவமனை சொல்லாத இரண்டாவது பில்லும் இருக்கிறது. பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகள் ஆயுள் முழுக்க. வருடாவருடம் ரத்தப் பரிசோதனை. எடை வேகமாக இறங்குவதால் சிலருக்குப் பித்தக்கல். தொங்கும் தோலைச் சரிசெய்யப் பெரும்பாலும் காப்பீடு கைகொடுக்காது. துணியைக் கேட்கவே வேண்டாம், மேலே சொன்னவர் முதல் வருடத்தில் நாலு அளவில் வாங்கினார்.

ஊசியோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். ஐந்தில் ஒரு பங்கு என்றால் வருடத்துக்கு 2.4 மாதச் சம்பளம். ஆபரேஷனுக்கு எட்டு, பிறகு மாத்திரை பரிசோதனைக்கு வருடம் அரை மாதச் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். நாலு வருடம் சொச்சத்தில் இரண்டும் சமமாகிவிடும். பத்து வருடத்தில் ஆபரேஷன் 13, ஊசி 24. இருபத்து நான்கு என்பது நீங்கள் ஓய்வுக்காலத்துக்குச் சேர்த்திருக்கும் முழுப் பணம்! நிறுத்திக்கொள்ளலாமே என்றால், இந்த வகை ஊசி மருந்துகளில் ஒன்றான செமாக்ளூடைடை நிறுத்தியவர்களுக்குக் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே வருடத்தில் திரும்பியதை ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். அதன் காப்புரிமை பல நாடுகளில் 2026-இல் முடிவதால் விலை இறங்க வாய்ப்புண்டு; காத்திருக்கலாமா என்பதை டாக்டரிடம் கேளுங்கள், என்னிடம் அல்ல.

காப்பீடு கடைசிவரை மறுத்துவிட்டால் என் யோசனை இது. அவசர நிதியில் இரண்டு மாதச் சம்பளம் மட்டும் எடுங்கள், மூன்று அப்படியே இருக்கட்டும். மேல்முறையீடு நடக்கும் மாதங்களில் இன்னும் இரண்டைச் சேர்க்கப் பாருங்கள். மீதி நாலு, ஓய்வுக்கால நிதியிலிருந்து. அபராதமும் வரியும் எவ்வளவு என்று பார்த்துவிட்டு எடுங்கள். வழக்கமாக அந்த நிதியில் கை வைக்க விடவே மாட்டேன், கல்யாணச் செலவுக்கென்று கேட்டு என்னிடம் திட்டு வாங்கியவர்கள் உண்டு. உங்களுக்குச் சரி என்கிறேன். 1987-இல் ஸ்வீடனில் தொடங்கிய நீண்ட கால ஆய்வில், ஆபரேஷன் செய்துகொண்டவர்களிடம் இறப்பு விகிதம் குறைவாக இருந்தது.

ஆனால் 'சர்க்கரை மாத்திரைச் செலவு மிச்சமாகும், அதில் ஈடுகட்டிவிடலாம்' என்று முழுசாக நம்பாதீர்கள். அதே ஆய்வில் சர்க்கரை இருந்தவர்களில் 72 சதவீதம் பேருக்கு இரண்டு வருடத்தில் அது விலகியிருந்தது. பத்து வருடத்தில் பார்த்தபோது 36 சதவீதம். அதனால் மாத்திரையில் மிச்சமாகும் பணத்தை முதல் இரண்டு மூன்று வருடம் அப்படியே ஓய்வுக்கால நிதிக்குத் திருப்பிப் போடுங்கள்.

இந்த வாரமே காப்பீட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் வந்ததும் அதையும் பாலிசியின் விலக்குப் பக்கத்தையும் எனக்கு அனுப்பினால் பார்த்துச் சொல்கிறேன்.