நின்ற இடத்திலேயே பாருங்கள்: பழைய வண்டி கேள்வி–பதில்

திருச்சியில் 38 வருஷமாக ஆட்டோ எலக்ட்ரீஷியனாக இருக்கிறேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புகார்தான்: வண்டி வழியில் நிற்கிறது, கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகிறது, பட்டறைக்குக் கொண்டுபோனால் ஒன்றும் தெரியவில்லை. அதோடு வந்த வேறு சிலவும் சேர்த்து, நான்கு கடிதங்களை எடுத்துக்கொள்கிறேன்.

என்னுடையது 1984 அம்பாசிடர், பெட்ரோல். ஐடிலிங்கில் சீராக ஓடுகிறது. மேடேறும்போதும் நன்றாக இழுக்கிறது. ஆனால் சமதளத்தில் ஐம்பதில் நிதானமாகப் போனால் திக்குகிறது, சில நாள் நின்றே விடுகிறது. பிளக், பாயிண்ட், கண்டன்சர், காயில் எல்லாம் மாற்றியாயிற்று.
— வாசகர், புதுக்கோட்டை

எப்போது திக்குகிறது, எப்போது திக்கவில்லை என்று பிரித்து எழுதினீர்களே, பாதி வேலை அங்கேயே முடிந்துவிட்டது.

ஒவ்வொரு பிளக்குக்கும் முறையாகக் கரண்டைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டில் வட்டமாக ஒரு தகர டப்பா ஒட்டியிருக்கும். கார்புரேட்டரிலிருந்து ஒரு மெல்லிய குழாய் அதற்கு வரும். ஆக்சிலேட்டரைக் கொஞ்சமாக மிதித்துச் சீராகப் போகும்போது எஞ்சின் அந்தக் குழாய் வழியாக உறிஞ்சும். உடனே உள்ளே பாயிண்ட் (காயிலின் கரண்டை விட்டுவிட்டுத் துண்டிக்கும் சுவிட்ச்) உட்கார்ந்திருக்கும் தட்டு சற்றுத் திரும்பும். ஐடிலிங்கில் அது திரும்பாது. மேட்டில் முழுசாக மிதிக்கும்போதும் திரும்பாது. ஆக, உங்கள் வண்டி திக்குவது தட்டு திரும்பும் நேரத்தில் மட்டும்.

தட்டு திரும்பும்போது இரண்டு ஒயர் கூடவே அசையும். ஒன்று காயிலிலிருந்து பாயிண்டுக்கு வருவது. மற்றது தட்டை டிஸ்ட்ரிபியூட்டர் பாடியோடு சேர்க்கும் சின்னப் பின்னல் எர்த் ஒயர். இத்தனை வருஷம் அசைந்து அசைந்து உள்ளே இருக்கும் செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துபோகும். மேலே உறை மட்டும் புதுசு மாதிரியே இருக்கும்.

நான் தொழிலுக்கு வந்த புதிதில் மணப்பாறையிலிருந்து ஒரு அம்பாசிடர் இதே புகாரோடு வந்தது. பொறிக்கு வேண்டிய உயர் கரண்ட் தரும் காயிலையும், பாயிண்டில் பொறி அடிக்காமல் காக்கும் கண்டன்சரையும் மாற்றி அனுப்பினேன். மூன்றாம் நாள் திரும்பி வந்தது. அந்தக் குடும்பம் ராத்திரி பத்து மணிக்குக் கைக்குழந்தையோடு ரோட்டில் நின்றிருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, பாயிண்டுக்கு வரும் அந்த ஒயரை இரண்டு விரலால் பிடித்து மெதுவாக இழுத்தேன். ரப்பர் மாதிரி நீண்டது. உள்ளே செம்பு முழுசாக இருந்தால் ஒயர் நீளாது. உறையைக் கீறிப் பார்த்தால் கரும்பச்சையாகப் பொடிந்துபோன இழைகள், அதில் ஒன்றே ஒன்றுதான் தொட்டும் தொடாமலும் இருந்தது. வண்டி அவ்வளவு தூரம் ஓடியதே அந்த ஒரு இழையில்தான்.

நீங்கள் இப்படிப் பாருங்கள். எஞ்சினை ஐடிலிங்கில் ஓடவிட்டு, தகர டப்பாவுக்கு வரும் அந்தக் குழாயை கார்புரேட்டர் பக்கம் கழற்றி, முனையைத் துடைத்துவிட்டு வாயால் உறிஞ்சுங்கள். எஞ்சின் திக்கினாலோ நின்றாலோ ஒயர்தான் காரணம். எவ்வளவு உறிஞ்சினாலும் காற்று வந்துகொண்டே இருந்தால் டப்பாவுக்குள் இருக்கும் சவ்வு கிழிந்திருக்கிறது. அது வேறு வேலை. ஒயர் மாற்றும்போது நிறைய மெல்லிய இழைகள் உள்ள, வளையும் ஒயராகப் போடச் சொல்லுங்கள். வீட்டு ஒயரிங்கில் போடும் விறைப்பான துண்டை வைத்தால் சீக்கிரமே திரும்ப அறுந்துவிடும். தட்டு திரும்புவதற்கு இடம் விட்டுக் கொஞ்சம் தொய்வாக இருக்கட்டும். கடைசியில் பாயிண்ட் இடைவெளியை ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் வைக்க வேண்டும். கண்மதிப்பு இங்கே உதவாது.

ஆர்எக்ஸ் 100 வைத்திருக்கிறேன். காலையில் ஒரே கிக். இருபது கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தினால் அப்புறம் ஸ்டார்ட் ஆவதில்லை. அரை மணி ஆறினால் ஸ்டார்ட் ஆகிறது. கார்புரேட்டரை மூன்று தடவை கழுவியாயிற்று.
— வாசகர், தஞ்சாவூர்

கார்புரேட்டரை இனிமேல் தொடாதீர்கள். ஸ்டார்ட் ஆகாத அந்த அரை மணி நேரத்தில் யாராவது பொறி வருகிறதா என்று பார்த்தார்களா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. இன்னொரு நல்ல பிளக்கைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை நின்றதும் கேப்பைப் பிடுங்கி அந்தப் பிளக்கில் மாட்டி, பிளக்கின் உடம்பு சிலிண்டர் ஹெட்டில் நன்றாகப் படும்படி வைத்து கிக் பண்ணுங்கள். எஞ்சினில் இருக்கும் பிளக்கைக் கழற்ற வேண்டாம். அந்த ஓட்டை திறந்திருந்தால் பெட்ரோல் ஆவி வெளியே வந்து பொறியில் பிடித்துக்கொள்ளும். பிளக்கை அந்தரத்தில் பிடித்தும் கிக் பண்ணாதீர்கள், சிடிஐ (பொறியை உண்டாக்கும் எலக்ட்ரானிக் பெட்டி) போய்விடலாம்.

நீலமாகப் பளிச்சென்று பொறி வந்தால் பெட்ரோல் பக்கம் பார்க்கலாம். பொறியே இல்லை, ஆறின பிறகு வருகிறது என்றால் எஞ்சினோடு சுழன்று கரண்ட் உண்டாக்கும் மேக்னெட்டுக்குள் இருக்கும் காயில்மேல்தான் என் சந்தேகம். தலைமுடி கனத்துக் கம்பி நிறையச் சுற்று சுற்றியிருக்கும். எங்கோ ஓரிடத்தில் விட்டிருக்கும். சூட்டில் விரிந்தால் பிரியும், ஆறினால் ஒட்டும். குளிர்ந்திருக்கும்போது அந்தக் காயிலில் மீட்டர் வைத்து ஓம்ஸ் (மின்தடை அளவு) குறித்துக்கொள்ளுங்கள். நின்றதும் உடனே மறுபடி வையுங்கள். இரண்டு அளவும் வெகுவாக மாறினால் அந்தக் காயிலேதான். பழைய காயிலை நன்றாகச் சுற்றித் தருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஊர் பேர் தெரியாத டூப்ளிகேட்டை வாங்குவதைவிட நான் அதைத்தான் சொல்வேன்.

காயில் செலவு செய்வதற்கு முன்னால், ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பாருங்கள். சாவி சுவிட்சிலிருந்து வரும் ஒயர் கழுத்துப் பகுதியில் உரசி எர்த் ஆனாலும் இதே மாதிரி நிற்கும்.

பிரீமியர் பத்மினி. மழை நாளிலும் பனிக் காலையிலும் மட்டும் ஸ்டார்ட் ஆகாது. வெயில் வந்தால் ஒரு குறையும் இல்லை.
— வாசகர், நாகர்கோவில்

ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, பானட்டைத் திறந்து, எஞ்சின் ஓடும்போது பிளக் ஒயர்கள்மேல் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். கையால் எதையும் தொடாதீர்கள். எங்கே கரண்ட் தாவுகிறது என்று நீலக் கோடாகக் கண்ணுக்கே தெரியும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உள்பக்கத்தையும் பாருங்கள். பென்சிலால் இழுத்த மாதிரி மெல்லிய கருங்கோடு இருந்தால் அந்த வழியாகத்தான் கரண்ட் ஓடிப்போகிறது. அதைச் சுரண்டிப் போட்டால் ஒரு வாரம் தாங்கும். மூடியை மாற்றிவிடுங்கள், கூடவே அதற்குள் சுழலும் ரோட்டாரையும்.

பாயிண்ட் வைத்த பழைய புல்லட். எலக்ட்ரானிக் கிட் போடலாமா? இப்போது புதுக் கண்டன்சர் போட்டும் மிஸ்ஸிங் போகவில்லை.
— வாசகர், சேலம்

தினமும் வேலைக்கு ஓட்டுகிறீர்கள் என்றால் பாயிண்டுக்குப் பதிலாக எலக்ட்ரானிக் கிட் போடுங்கள், தவறே இல்லை. தூரப் பயணம் போகிறவர்களுக்குப் பாயிண்டையே சொல்வேன். கெட்டுப்போவதற்கு முன்னால் அது திக்கி, இருமி, முன்கூட்டியே சொல்லும். ரோட்டோரத்தில் உப்புத்தாள் தேய்த்து வீடு வந்து சேரலாம். கிட் பெரும்பாலும் சொல்லாமல் கொள்ளாமல் ஒரே நொடியில் போகும்.

கண்டன்சர் விஷயத்தில் மட்டும், புதுசு என்றால் நல்லது என்று நம்பிவிடாதீர்கள். இப்போது கடையில் கிடைப்பவற்றில் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே சொத்தையாக இருப்பதை நிறையப் பார்க்கிறேன். எஞ்சின் ஓடும்போது பாயிண்ட் நடுவில் பொறி தடிமனாக அடித்தால் கண்டன்சர் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். பழைய கண்டன்சர் இன்னும் உங்களிடம் இருந்தால் அதையே திரும்பப் போட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். சோதிக்கும்போது சாவியை ஆன் பண்ணி, எஞ்சின் ஓடாமல் வெகுநேரம் விட்டுவிடாதீர்கள். பாயிண்ட் மூடியிருந்தால் காயில் கொதித்துப்போகும், அப்புறம் இல்லாத இன்னொரு கோளாறைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.