அந்த 'டக்' சத்தத்தைக் கேட்டிருக்கீங்களா?

வணக்கம் சார்,

உங்க பதிவுகளை விடாம படிச்சுட்டு வர்றேன். ஒரு குறை மட்டும் சொல்லணும். ராக் இசையைப் பத்தி ஆரம்பிக்கிறீங்க, நாலு பத்தி தாண்டினா கடிகாரம், மோட்டார், டிரான்ஸ்ஃபார்மர்னு எங்கயோ போயிடுறீங்க. போன தடவை ஹேமண்ட் ஆர்கன்ங்கிற மின்சார வாத்தியத்தைப் பத்தி எழுதினதும் அப்படித்தான். ரோலிங் ஸ்டோன்ஸோட 'சாட்டிஸ்ஃபேக்‌ஷன்' பாட்டை நான் முப்பது வருஷமா கேக்கிறேன், அந்த கிடார் தொடங்கினாலே இன்னைக்கும் உடம்பு சிலிர்க்குது. அது எந்த டப்பாவுக்குள்ள இருந்து வருதுன்னு தெரிஞ்சுக்கிட்டா அந்தச் சிலிர்ப்பு போயிடாதா? வித்தை காட்டுறவன் கைக்குள்ள என்ன வெச்சிருக்கான்னு பாத்துட்டா அப்புறம் வித்தை ஏது?

(பேர் போட வேண்டாம்னு கேட்டிருக்கார்)

வணக்கங்க,

உங்க கடிதத்தை ரெண்டு நாளா மனசுல வெச்சுக்கிட்டே இருந்தேன். எனக்கு நடந்தது நீங்க பயப்படுறதுக்கு நேர் எதிர், அதனால நீங்க சொன்ன பாட்டையே எடுத்துக்கிறேன்.

அந்த கர்ர்ர்னு வர்ற சத்தத்துக்கு ஃபஸ்னு பேரு. அதோட கதை ரோலிங் ஸ்டோன்ஸ்கிட்ட ஆரம்பிக்கல, அமெரிக்காவுல நாஷ்வில்ல ஒரு ஸ்டுடியோவுல ஆரம்பிக்குது. மார்ட்டி ராபின்ஸ்னு ஒரு கன்ட்ரி பாடகர், அவரோட 'டோண்ட் வொர்ரி' பாட்டு 1961ல வந்தது, ரொம்ப சாதுவான பாட்டு, பியானோ மென்மையா போயிட்டிருக்கும், நடுவுல திடீர்னு கிரேடி மார்ட்டின் வாசிச்ச பேஸ் கிடார் ஏதோ கிழிஞ்ச ஸ்பீக்கர்ல இருந்து வர்ற மாதிரி உறுமிக்கிட்டு வரும். ஒலிப்பதிவு பண்ற கன்சோல்ல அவர் கிடார் போன சேனல்ல டிரான்ஸ்ஃபார்மர் பழுது, அவ்வளவுதான் காரணம். அழிச்சுட்டு திரும்ப எடுத்திருக்கலாம், யாரும் எடுக்கல, அப்படியே விட்டாங்க. பாட்டு கன்ட்ரி பட்டியல்ல முதலிடத்துக்குப் போச்சு. அப்புறம் மத்தவங்களும் அந்தச் சத்தம் வேணும்னு வந்து கேட்க ஆரம்பிச்சாங்க, ஆனா அதுக்குள்ள அந்த சேனல் முழுசா செத்துப் போச்சு. கெட்டுப்போன ஒண்ணை திரும்ப எப்படிக் கொண்டு வர்றது? ரெக்கார்டிங் இன்ஜினியர் கிளென் ஸ்னாடி உக்காந்து, டிரான்ஸிஸ்டர் வெச்சு அதே பழுதை ஒரு சின்னப் பெட்டிக்குள்ள உண்டாக்கினார். அதை கிப்சன்ங்கிற கிடார் கம்பெனி வாங்கி, காலால மிதிச்சு ஓட்டுற பெட்டியா 1962ல மேஸ்ட்ரோ ஃபஸ் டோன்னு விக்க ஆரம்பிச்சது.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச இடம் அடுத்து வருது. கிப்சன் அதை கிடார்காரங்களுக்கு எப்படி வித்தாங்கன்னா, இதை மிதிச்சா உங்க கிடார் டிரம்பெட் மாதிரி, டியூபா மாதிரி, செல்லோ மாதிரி ஒலிக்கும்னு சொல்லித்தான். அந்தப் பேச்சு பெருசா எடுபடல, பெட்டிங்க தேங்கிப் போச்சு. 1965 மே மாசம் ஹாலிவுட்ல 'சாட்டிஸ்ஃபேக்‌ஷன்' எடுக்கும்போது ரோலிங் ஸ்டோன்ஸோட கிடார்காரர் கீத் ரிச்சர்ட்ஸ் அதை மிதிக்கும்போது அவர் மனசுல இருந்ததும் ஊதுகருவிதான். இப்போதைக்கு இப்படி வாசிச்சு வெப்போம், அப்புறம் இந்த இடத்துல டிரம்பெட், சாக்ஸபோன் ஆளுங்களை வெச்சு எடுத்துக்கலாம்னு ஒரு குறிப்பு மாதிரிதான் வாசிச்சார். குழுவுல மத்தவங்க இதுவே போதும்னு சொல்லிட்டாங்க, அவர் விருப்பம் எடுபடல. பாட்டு உலகம் பூரா ஓடுச்சு, அந்த வருஷம் முடியறதுக்குள்ள பெட்டி கடைல கிடைக்கல. அதே வருஷம் அமெரிக்கப் பாடகர் ஓட்டிஸ் ரெட்டிங் அந்தப் பாட்டை நிஜமாவே ஊதுகருவிங்களை வெச்சுப் பாடியிருக்கார், ரெண்டையும் அடுத்தடுத்து கேட்டுப் பாருங்க, ரிச்சர்ட்ஸ் தலைக்குள்ள என்ன ஓடிக்கிட்டிருந்ததுன்னு காதுலயே தெரியும். இது தெரிஞ்சதுக்கு அப்புறம் எனக்கு அந்த ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வர்ற அந்த கிடார் வரி, இன்னும் பெருசாத்தான் கேக்குது.

பெட்டிக்குள்ள நடக்கிறது இதுதான். கிடார் கம்பியோட அலை உருண்டையா ஏறி இறங்கும், பெட்டி அதோட உச்சியையும் அடியையும் வெட்டித் தட்டையாக்கிடுது, வெட்டின இடத்துல புதுசு புதுசா ஸ்வரங்கள் முளைக்குது. ரெண்டு கம்பியைச் சேர்த்து மீட்டினா இன்னும் விசேஷம். கிடாரோட அடிக் கம்பி 'ஈ' ஒரு செகண்டுக்கு சுமார் 82 தடவை அதிரும், அதோட சேர்த்து வாசிக்கிற 'பி' சுமார் 123 தடவை. அலையை இப்படி வெட்டிச் சிதைக்கிற டிஸ்டார்ஷன் வழியா போகும்போது இந்த ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம், அதாவது சுமார் 41, அதுவும் ஒரு ஒலியா வெளிய வருது. அந்த 41 எதுன்னு பாத்தீங்கன்னா, பேஸ் கிடாரோட அடி 'ஈ'! ஆறு கம்பி கிடார்ல இல்லவே இல்லாத ஒரு ஸ்வரம். இப்படி ரெண்டு ஸ்வரத்தைச் சேர்த்து மீட்டுற பவர் கார்ட் வாசிக்கும்போது நெஞ்சுல வந்து இடிக்கிறதுல இதுக்கும் பங்கு இருக்கு.

பிளாக் சபாத் குழுவோட கிடார்காரர் டோனி அயோமியை நினைச்சா எனக்கு இதெல்லாம் ஒண்ணாத்தான் வருது. பர்மிங்ஹாம்ல தகரத் தொழிற்சாலைல வேலை, அன்னைக்குத்தான் கடைசி நாள், மெஷின்ல மாட்டி வலது கைல ரெண்டு விரல் நுனி போச்சு, அவர் இடது கை ஆளு, அதனால கம்பியை அழுத்துற கை அது. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செஞ்சு அதுமேல தோல் ஒட்டிக்கிட்டார், மெல்லிசான கம்பி போட்டார், பின்னாடி சுருதியையும் இறக்கினார். வலிக்கிற விரலுக்கு ரெண்டு மூணு கம்பி அழுத்துற பவர் கார்ட் போதுமானதா இருந்தது. 1970 பிப்ரவரி 13 வெள்ளிக்கிழமை பிளாக் சபாத்தோட முதல் ஆல்பம் வந்தது.

ஆர்கன் விஷயத்துல போன தடவை ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன். லாரன்ஸ் ஹேமண்ட் கடிகாரம் செஞ்சவர், கரண்டோட அலைவரிசைக்குப் பூட்டின மாதிரி ஒரே வேகத்துல சுத்துற மோட்டாரை வெச்சுதான் 1935ல ஆர்கனையும் கொண்டு வந்தார்னு எழுதியிருந்தேன். உள்ள 91 உலோகச் சக்கரங்க, ஓரத்துல மேடு பள்ளம், காந்தத்துக்கு முன்னாடி சுத்தும். மோட்டார் கரண்டை நம்பி இருக்கிறதால 60 ஹெர்ட்ஸுக்குச் செஞ்சதை 50 ஹெர்ட்ஸ் நாட்டுல அப்படியே சொருகினா மொத்த ஆர்கனும் சுமார் மூணு செமிடோன், அதாவது மூணு அரை ஸ்வரம், இறங்கிடும். விட்டுப்போனது இது இல்லை, கீ கிளிக். ஒரு கட்டையை அழுத்தினா அடியில ஒன்பது தொடுமுனைங்க சேரணும், எல்லாம் ஒரே நொடியில சேராது, அலை பாதியில ஓடிக்கிட்டிருக்கும்போது போய்த் தொடும், அதனால ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் முன்னாடி பொட்டுனு ஒரு சின்னச் சத்தம். ஹேமண்டுக்கு அது குறை, அதைக் குறைக்கத்தான் பாத்தாங்க. வாசிக்கிறவங்களுக்கோ அது தாளம், டீப் பர்பிள் குழுவோட ஜான் லார்ட் ஆர்கனை கிடாருக்குப் போடுற மார்ஷல் ஆம்ப்ளிஃபயருக்குள்ள விட்டு அந்தப் பொட்டுச் சத்தத்தைப் பல்லாக் கடிக்க வெச்சார். இப்போ சக்கரமும் இல்லை தொடுமுனையும் இல்லை, எல்லாம் டிஜிட்டல், ஆனா அதுல அந்த கிளிக்கை வேணும்னே செஞ்சு சேர்க்குறாங்க.

வித்தைக்காரன் கையைப் பத்திக் கேட்டீங்க. அவன் கையில இருக்கிறது நம்மகிட்ட இருந்து மறைக்கிறதுக்காக இருக்கு, இங்க யாரும் எதையும் மறைக்கல, எல்லாம் ரெக்கார்டுலயே கிடக்கு. முப்பது வருஷம் கேட்ட அதே பாட்டை இன்னைக்கு ராத்திரி ஹெட்ஃபோன் போட்டு ஒரு தடவை கேளுங்க. அரை நிமிஷம் தாண்டினதும் ரிஃப் திரும்ப வர்றதுக்கு ஒரு கணம் முன்னாடி, பின்னால மெல்லிசா 'டக்'னு ஒண்ணு விழும். கீத் ரிச்சர்ட்ஸ் பெடலை மிதிக்கிற கால் சத்தம் அது. கேட்டுட்டு எழுதுங்க.