வாசகர் கேள்வி பதில்: மானின் கண்ணும் வேட்டைக்காரரின் உடையும்

கேள்வி: இந்தப் பருவத்தில் முதன்முறையாக உரிமம் பெற்று மான் வேட்டைக்குச் செல்லவிருக்கிறேன். உடன் வரும் மூத்தவர்கள், இலையும் மரப்பட்டையும் அச்சிட்ட உருமறைப்பு உடை இல்லாமல் காட்டுக்குள் கால் வைக்கவே கூடாது என்கிறார்கள். விதிகளோ, துப்பாக்கிப் பருவத்தில் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிற மேலங்கி அணிய வேண்டும் என்கின்றன. ஒளிந்திருக்கவும் வேண்டும், எல்லோருக்கும் தெரியும்படி உடுத்தவும் வேண்டும் என்றால் எப்படி? உருமறைப்பு உடை உண்மையிலேயே தேவைதானா?

பதில்: துப்பாக்கியுடன் செல்பவருக்கு அது கட்டாயத் தேவை அன்று. கையில் இருந்தால் அணியலாம். இல்லை என்பதற்காக வேட்டையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. ஆரஞ்சு மேலங்கியை, விதி கேட்காத இடத்திலும் அணிய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இவை இரண்டும் ஒன்றுக்கொன்று முரணாக உங்களுக்குத் தோன்றுவதற்குக் காரணம், நம் கண்ணுக்குத் தெரிகிற காடுதான் மானின் கண்ணுக்கும் தெரிகிறது என்று நாம் எண்ணிக்கொள்வதே.

மனிதரின் விழித்திரையில் நிறத்தைப் பிரித்தறியும் கூம்பு செல்கள் மூன்று வகை. மானுக்கு இரண்டே வகை. ஜெரால்டு ஜேக்கப்ஸ், ஜே நைட்ஸ் முதலிய ஆய்வாளர்கள் வெள்ளைவால் மான், ஃபேலோ மான் ஆகியவற்றின் கண்ணில் வெவ்வேறு அலைநீளமுள்ள ஒளியைப் பாய்ச்சி, விழித்திரையில் எழும் மின்துடிப்பை அளந்து 1994இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. ஒரு வகைக் கூம்பு செல் நீல ஒளியில், ஏறத்தாழ 450 முதல் 460 நானோமீட்டர் அளவில், மிகுதியாகத் தூண்டப்படுகிறது. மற்றொன்று பச்சையில், ஏறத்தாழ 537 நானோமீட்டர் அளவில். நமக்குச் சிவப்பையும் ஆரஞ்சையும் பச்சையிலிருந்து பிரித்துக் காட்டும் மூன்றாவது வகை மானிடம் இல்லை. வேட்டை மேலங்கியின் ஆரஞ்சு நிறம் 600 நானோமீட்டரை ஒட்டியது; அது மானின் பச்சை உணர்வின் கடைசி ஓரத்தில்தான் போய்ப் படுகிறது. ஆகவே நமக்குத் தீப்பிழம்பாகத் தெரியும் அந்த உடை மானுக்கு இலை, புல், சருகு ஆகியவற்றின் நிற வரிசையிலேயே ஒன்றாகக் கலந்துவிடுகிறது. சிவப்பு, பச்சை வேறுபாடு தெரியாத நிறக்குறை உள்ள மனிதர்களின் பார்வையை இதற்கு ஓரளவு ஒப்பிடலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நிறம் தெரியாது என்பதற்காக ஆரஞ்சு உடை அணிந்தவரே மானுக்குத் தெரியமாட்டார் என்று பொருள் அன்று. எந்த நிறத் துணியாயினும், மடிப்பில்லாத ஒரே பரப்பாக, சுற்றியிருக்கும் செடிகொடிகளைவிட வெளிறியோ இருண்டோ நின்றால், அந்த வடிவம் மானின் கண்ணில் படும். உருமறைப்பு உடையின் பயன் இந்த இடத்தில்தான் இருக்கிறது: அது நிறத்தை ஒளிப்பதைவிட, தலை, தோள், இடுப்பு என்று தொடரும் மனித உருவத்தின் எல்லைக்கோட்டைத் துண்டு துண்டாக உடைக்கிறது. அதையும் ஒரு பருத்த அடிமரத்தின் முன்னே முதுகைச் சாய்த்து உட்கார்வதால் பெருமளவு சாதித்துவிடலாம். வானம் பின்னணியாகத் தெரியும் மேட்டில் நிற்பவருக்கோ எந்த அச்சுத் துணியும் உதவாது. இன்னொன்று, கடையில் கையில் எடுத்துப் பார்க்கும்போது வியக்க வைக்கும் நுண்ணிய இலை அச்சுகள் 50 மீட்டருக்கு அப்பால் ஒன்றோடொன்று கலந்து ஒரே கருந்திட்டாகிவிடுகின்றன. மானின் பார்வைக் கூர்மை நம்முடையதைவிடக் குறைவு என்பதால், அதற்கு இது இன்னும் விரைவில் நிகழும். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் வெளிர், கருமை இரண்டும் பெரிய திட்டுகளாக மாறி மாறி வரும் துணியைத் தேர்ந்தெடுங்கள்.

மரத்தின் படத்தையே துணியில் அச்சிட்டதுபோன்ற வேட்டை உடைகள் கடைகளில் பரவியது 1980களில்தான். அதற்கு முன் பல தலைமுறைகளாக வட அமெரிக்க வேட்டைக்காரர்கள் சிவப்பும் கறுப்பும் கட்டமிட்ட கம்பளிச் சட்டையோடு காட்டுக்குப் போய் மானோடு திரும்பியிருக்கிறார்கள். அந்தக் கம்பளிக்கு இரண்டு நற்குணங்கள் இருந்தன: அதன் கட்டங்கள் உருவத்தை உடைத்தன, கிளையில் உரசினாலும் ஓசை எழவில்லை. இரண்டாவது குணத்தை இன்றைய வாசகர்கள் பலர் எண்ணிப் பார்ப்பதே இல்லை. விலையுயர்ந்த மழை மேலங்கி ஒன்றை அணிந்து முழங்கையை மடக்கிப் பாருங்கள். அந்தச் சரசரப்பும், பையைத் திறக்கும்போது ஒட்டுப்பட்டை எழுப்பும் கிழிபடும் ஓசையும், அமைதியான விடியற்காலையில் மானின் காதுக்குப் போதும்.

இனி, மானுக்கு உண்மையில் எது தெரிகிறது என்று பார்ப்போம். கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்திருப்பதால், தலையைத் திருப்பாமலேயே முதுகுப்புறத்தில் ஒரு சிறு பகுதி தவிர ஏறக்குறைய சுற்றிலும் அதனால் பார்க்க முடியும். கண்மணி கிடைமட்டமாக நீண்ட பிளவு. விழித்திரையில் பார்வை செல்கள் அடர்ந்திருப்பதும் ஒரு கிடைமட்டப் பட்டையில்தான். நாம் ஒரு புள்ளியை உற்றுப் பார்க்கிறோம் என்றால், மான் தொடுவானத்தின் நீளம் முழுவதையும் ஒருசேரக் காவல் காக்கிறது. அந்தப் பரப்பில் அசையாதது எதையும் அது பெரிதாகக் கருதுவதில்லை. அசைவது எதையும் விடுவதில்லை.

இதை மிக அருகிலிருந்து ஒருமுறை பார்த்தேன். ஓர் ஓக் மரத்தடியில், முழு ஆரஞ்சு மேலங்கியோடும் தொப்பியோடும் நண்பர் ஒருவர் உட்கார்ந்திருக்க, நான் அவருக்குச் சற்றுப் பின்னால் இருந்தேன். பெண் மான் ஒன்று குட்டியோடு வந்து, எங்களிடமிருந்து 20 அடி எடுத்துவைக்கும் தொலைவில், விழுந்து கிடந்த கொட்டைகளைப் பொறுக்கித் தின்னத் தொடங்கியது. இரண்டு முறை தலையை உயர்த்தி நேராக அந்த ஆரஞ்சு நிறத்தையே பார்த்தது. மறுபடி குனிந்து தின்றது. மூன்றாம் முறை அது குனிந்திருந்தபோது, நண்பர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்ய ஒரு விரலைத்தான் உயர்த்தினார். மெல்லும் வாய் பாதியில் நின்றது. காதுகள் இரண்டும் எங்களை நோக்கித் திரும்பின. தலையைத் தாழ்த்துவதுபோல் பாவனை செய்து சட்டென்று உயர்த்தியது, முன்னங்காலால் தரையை ஒருமுறை ஓங்கி மிதித்தது, மூக்கால் சீறியது, வாலின் வெண்மை மேலே எழுந்ததும் இரண்டும் மறைந்துவிட்டன. நிறத்தைப் பொறுத்துக்கொண்ட அந்த மான் ஒரு விரலின் அசைவைப் பொறுக்கவில்லை.

காற்றோ இதைவிடக் கண்டிப்பானது. கண்ணால் கண்டதை மான் சில நேரம் மறுபடி சோதித்துப் பார்க்கும். மூக்கால் அறிந்த மனித வாடையைச் சோதித்துப் பார்க்க அது நிற்பதில்லை. வெயில் ஏறும்போது சரிவுகளில் காற்று மேல்நோக்கி நகரும், மாலையில் குளிர்ந்து பள்ளத்தை நோக்கி இறங்கும் என்பதை மனத்தில் வைத்து உட்காரும் இடத்தைத் தேர்வதற்கு நீங்கள் செலவிடும் அரை மணி நேரம், எந்த உடையும் தராத பலனைத் தரும்.

ஆரஞ்சு நிறம் ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதுவே இக்கேள்வியின் உயிரான பகுதி. அது மானுக்காக அணிவது அன்று. அதே காட்டில் விரல் விசையில் இருக்கும் இன்னொரு மனிதருக்காக அணிவது. முன்பு இதற்குச் சிவப்பு நிறம் பயன்பட்டது. ஆனால் ஒளி மங்கும்போது மனிதக் கண் சிவப்பை முதலில் இழந்துவிடுகிறது; பகலில் பளிச்சென்றிருந்த சிவப்புச் சட்டை அந்தியில் கறுப்பாகிவிடும். ஒளிரும் ஆரஞ்சுச் சாயமோ, நம் கண்ணுக்கு எளிதில் படாத குறுகிய அலைநீள ஒளியையும் உள்வாங்கி ஆரஞ்சாக வெளிவிடுவதால், மான்கள் நடமாடும் அந்த மங்கல் வேளையிலும் தனித்துத் தெரிகிறது. காட்டில் இயற்கையாக அப்படி ஒரு நிறம் இல்லை. மான் எப்போது வரும் என்று மணிக்கணக்கில் ஏங்கியிருப்பவரின் மனம், புதரில் அசையும் எதையும் மானாகவே காட்டும்; அந்த ஒரு கணத்தில் அவரைத் தடுப்பது உங்கள் மேலங்கியின் நிறம்தான்.

அளவு இடத்துக்கு இடம் மாறும். அமெரிக்காவின் கொலராடோவில் துப்பாக்கியோடு மான் வேட்டையாடுபவர், இடுப்புக்கு மேலே குறைந்தது 500 சதுர அங்குலம் ஒளிரும் ஆரஞ்சோ இளஞ்சிவப்போ அணிவதோடு, தலையிலும் அதே நிறத்தில் அணிய வேண்டும். ஆரஞ்சில் உருமறைப்பு அச்சிட்ட துணி அங்கே கணக்கில் சேராது. விஸ்கான்சினில் இடுப்புக்கு மேலான வெளியுடையில் பாதியாவது அந்நிறத்தில் இருக்க வேண்டும். 2016 முதல் ஒளிரும் இளஞ்சிவப்பும் அங்கே ஏற்கப்படுகிறது. பென்சில்வேனியாவில் தலை, மார்பு, முதுகு மூன்றும் சேர்ந்து 250 சதுர அங்குலம், எல்லாத் திசையிலிருந்தும் தெரியும்படி. நீங்கள் செல்லும் பகுதியின் அந்த ஆண்டு விதிகளை வாசித்துவிட்டே உடையை வாங்குங்கள்.

கேள்வி: நீல ஜீன்ஸ் அணிந்தால் மான் ஓடிவிடும் என்கிறார்களே, உண்மையா? துணியை எந்தச் சலவைத்தூளில் துவைத்தோம் என்பதுகூட மானுக்குத் தெரியுமாமே?

பதில்: முன் பதிலில் சொன்ன அதே காரணத்தால், நீலம் மானுக்கு நன்றாகத் தெரியும் நிறம். விடியலிலும் அந்தியிலும் வானிலிருந்து வரும் ஒளியில் நீலம் மிகுதி. அந்த வேளைகளில்தான் மான் நடமாடும். மேலும், நம் விழிவில்லை புற ஊதாக் கதிர்களைப் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. மானின் விழிவில்லை அந்த அளவுக்குத் தடுப்பதில்லை. சலவைத்தூள்கள் பலவற்றில் கலந்துள்ள வெண்மையூட்டும் பொருள், புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பி அனுப்புகிறது. வெள்ளைச் சட்டை ‘வெள்ளையினும் வெள்ளையாக’ நமக்குத் தோன்றுவதன் இரகசியம் அதுவே. எனவே விலையுயர்ந்த உருமறைப்பு உடையை அத்தகைய தூளில் துவைப்பவர், தாம் வாங்கியதன் பயனைத் தாமே குறைத்துக்கொள்கிறார். வெண்மையூட்டி சேராத, மணமும் இல்லாத சோப்பில் துவையுங்கள். நீல ஜீன்ஸை வீட்டில் விட்டு, பழுப்போ கரும்பச்சையோ சாம்பலோ ஆன பழைய கால்சட்டையை அணியுங்கள். ஆனால் ஜீன்ஸ் அணிந்தும் அசையாமல் உட்காரத் தெரிந்தவர், குறையில்லாத உடை அணிந்தும் நெளிந்துகொண்டே இருப்பவரைவிட முன்னே நிற்பார்.

கேள்வி: நான் வில்லால் வேட்டையாடுபவன். எனக்கும் இதே பதில்தானா?

பதில்: இல்லை, உங்கள் நிலை வேறு. ரைஃபிளோடு செல்பவர் 100 மீட்டர் தொலைவிலிருந்து சுடலாம். உங்களுக்கு மான் 20, 30 மீட்டருக்குள் வந்தாக வேண்டும். அதோடு, அந்தத் தொலைவில் வில்லை இழுப்பது என்ற பெரிய அசைவையும் நீங்கள் செய்தாக வேண்டும். இங்கே உருமறைப்பு உடை தன் விலைக்கு உழைக்கிறது. வில் பருவத்தில் ஆரஞ்சு கேட்காத இடங்களும் உண்டு. துப்பாக்கிப் பருவமும் அதே நாள்களில் நடக்கிறதா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள், நடந்தால் ஆரஞ்சைக் கழற்றாதீர்கள். உடலைவிட முகமும் கைகளுமே உங்களை முதலில் காட்டிக்கொடுக்கும் என்பதால், மெல்லிய முகத்திரைக்கும் கையுறைக்கும் முதலிடம் தருவேன். பரணில் அமர்பவர் பின்னால் கிளைகள் அடர்ந்த மரத்தைத் தேர்வதும், மான் தலையை ஒரு மரத்துக்குப் பின் கொண்டுபோகும் வரை வில்லை இழுக்காமல் பொறுப்பதும் உடையோடு சேர்ந்த பாடங்கள். பரணில் ஏறும் முன்பே பாதுகாப்புக் கச்சையைப் பூட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: தரையில் மறைவுக் கூடாரம் அமைத்து அதற்குள் உட்காரப் போகிறேன். யாருக்கும் தெரியாத இடத்தில் ஆரஞ்சு எதற்கு?

பதில்: யாருக்கும் தெரியவில்லை என்பதுதான் ஆபத்து. கூடாரத்தின் பின்னால் மான் நின்றால், அதைக் குறிவைக்கும் இன்னொருவருக்கு நீங்கள் அங்கே இருப்பதே தெரியாது. விஸ்கான்சினில் துப்பாக்கிப் பருவத்தில் அரசு நிலங்களில் அமைக்கும் கூடாரங்களின் வெளிப்புறத்தில் எல்லாத் திசைக்கும் தெரியும்படி 144 சதுர அங்குலம், அதாவது ஓரடிச் சதுரம், ஒளிரும் நிறம் இருக்க வேண்டும் என்று விதியே உண்டு. விதி இல்லாத இடத்திலும் ஒரு துண்டைக் கூரைமேல் கட்டிவிடுங்கள். உள்ளே இருட்டாக இருப்பதால் நீங்கள் கருநிறச் சட்டை அணிந்து, பின்பக்கத்துச் சன்னலை மூடி வைத்தால் போதும், இலை அச்சு எதுவும் வேண்டாம்; வெளியே இறங்கும்போது மேலங்கி உடலில் இருக்கட்டும். வெள்ளைக் கைக்குட்டையைச் சட்டைப் பையில் வைக்காதீர்கள். மூக்கைத் துடைக்க அதை எடுக்கும் அந்த வெள்ளை வீச்சு, தொலைவில் இருப்பவருக்கு வெள்ளைவால் மானின் வாலாகத் தெரியக்கூடும். மான் கிடைத்து, அதை இழுத்துக்கொண்டோ சுமந்துகொண்டோ திரும்பும்போதும் அதன் உடல்மேல் ஓர் ஆரஞ்சுத் துணியைச் சுற்றிக் கட்டிக்கொள்ளுங்கள்.