குளிர்காலப் பண்டிகைகளுக்குள் பொதுவாக என்ன இருக்கிறது? யாங்கோனிலிருந்து ஒரு பதில்

கேட்கப்பட்ட கேள்வி இது: "நவம்பர் முதல் பிப்ரவரி வரை எல்லா மதத்தாருக்கும் பண்டிகை வருகிறது. கார்த்திகை தீபம், ஹனுக்கா, கிறிஸ்துமஸ், பொங்கல். இவற்றுக்குள் உண்மையிலேயே பொதுவான பண்பு ஏதாவது உண்டா, இல்லை ஒற்றுமைக்காகச் சும்மா சொல்லிக்கொள்கிறோமா?"

நான் யாங்கோனில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அது இன்றும் ரங்கூன்தான். ஆறு மாடிக் கட்டடம், லிஃப்ட் கிடையாது, இரண்டாம் மாடியில் நாங்கள். இந்தக் கேள்விக்கு அந்தக் கட்டடத்தை வைத்துத்தான் என்னால் பதில் சொல்ல முடியும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "எல்லாப் பண்டிகையும் ஒன்றுதான்" என்ற பேச்சில் எனக்கு உடன்பாடு இல்லை. எல்லாரும் விளக்கு ஏற்றுகிறார்களே என்பார்கள். ஏற்றுகிறார்கள், சரி. ஆனால் ஒவ்வொரு விளக்குக்கும் தனிக் கதை இருக்கிறது. கார்த்திகையில் நாம் ஏற்றுவது அடிமுடி காண முடியாத சோதியாக நின்ற சிவனுக்கு. பர்மியர்கள் ததிங்ஜுட் பௌர்ணமியில் ஏற்றுவது, தேவலோகத்தில் தாய்க்கு அபிதம்மம் போதித்துவிட்டுப் புத்தர் இறங்கி வந்ததை நினைத்து. எங்கள் ஊர் 26ஆம் தெருவில் உள்ள யூதர் ஆலயத்தில் ஹனுக்காவுக்கு எட்டு இரவு ஏற்றுவது, ஜெருசலேம் ஆலயம் மீட்கப்பட்டதையும் ஒரு நாளைக்கான எண்ணெய் எட்டு நாள் எரிந்ததையும் நினைத்து. இந்த மூன்றையும் கலக்கி "ஒளி" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால் மூவரில் ஒருவரைக்கூட நாம் சரியாகக் கேட்கவில்லை என்றுதான் அர்த்தம்.

நான் பார்த்தவரை பொதுவாக இருப்பது வேறு. பண்டிகை நாளில் வீட்டுக்காரர் வாயில் வைப்பதற்கு முன்னால் ஒரு பங்கு வாசலைத் தாண்டிப் போயாக வேண்டும். அது வாங்குகிறவர் தலைகுனியாத விதத்தில் போக வேண்டும். இந்த இரண்டாவது பாதிதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

பர்மியரின் தசாங்தைங் பண்டிகையை எடுத்துக்கொள்ளுங்கள். தசாங்மோன் மாதப் பௌர்ணமி, பெரும்பாலும் நவம்பரில் வரும். மழைக்கால நோன்பை முடித்த பிக்குகளுக்குச் சீவர ஆடை கொடுக்கும் கதின காலம் அன்றோடு முடிகிறது. முந்தின நாள் இரவு ஷ்வேதகோன் பகோடாவில் தறி போட்டு, பெண்கள் விடிவதற்குள் ஓர் ஆடையை நெய்து முடிப்பார்கள். மத்தோ திங்கான் என்று பெயர். ஒரே இரவில் நெய்தாக வேண்டும், அதுதான் விதி. என் அப்பத்தா ஒரு வருஷம் அதைப் பார்த்துவிட்டு வந்து, ஸ்ரீரங்கத்தில் கைசிக ஏகாதசி இரவில் பெருமாளுக்கு அடுக்கடுக்காக வஸ்திரம் சாத்துவார்களே, அதை நினைத்துக்கொண்டேன் என்றாள். ஸ்ரீரங்கத்தை அவள் கண்ணால் கண்டதில்லை. அவள் அம்மா சொல்லிக் கேட்டதுதான். குளிர் தொடங்கும் அதே மாதத்தில், இரண்டு ஊரிலும் இரவு முழுக்கக் கண்விழித்துத் துணி கொடுக்கிறார்கள்.

கதின ஆடையில் இன்னொரு நுணுக்கம் உண்டு. அதைக் குறிப்பிட்ட ஒரு பிக்குவுக்கு என்று கொடுக்க முடியாது. சங்கத்துக்குக் கொடுக்கிறோம், யார் அணிவது என்பதைச் சங்கம் தீர்மானிக்கும். எங்கள் வார்டில் இதற்காக மரத்தால் ஒரு 'பதேதா' மரம் செய்து வைப்பார்கள். நினைத்ததைத் தரும் கற்பக மரம்தான் அது. வருகிறவர்கள் கியாட் நோட்டுகளை விசிறி போல மடித்து அதில் செருகுவார்கள். எங்கள் அப்பாவும் செருகுவார். யார் எவ்வளவு செருகினார் என்று நோட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது.

அதே நாள்களில் 'பங்தகூ' என்றும் ஒரு வழக்கம் உண்டு. பாலியில் பாம்சுகூலம். குப்பையிலும் சுடுகாட்டிலும் கிடக்கும் துணியைப் பிக்குகள் எடுத்துத் தைத்து உடுத்திய பழங்காலத்துச் சொல். இன்றைக்கு யாராவது ஒரு பொட்டலத்தில் லுங்கியோ சோப்போ பணமோ கட்டி, ஆள் பார்க்காத நேரத்தில் வழியில் வைத்துவிட்டுப் போவார்கள். கண்ணில் பட்டவர் எடுத்துக்கொள்ளலாம். கொடுத்தவர் யாரென்று எடுத்தவருக்குத் தெரியாது, எடுத்தவர் யாரென்று கொடுத்தவருக்கும் தெரியாது. நன்றி சொல்ல ஆளே இல்லாத தானம். இதைவிட மரியாதையான கொடையை நான் எங்கும் பார்த்ததில்லை.

இப்போது பொங்கலுக்கு வருகிறேன். இங்கே இருக்கும் தமிழர்கள் பலர் பொங்கலுக்கு ஐராவதி டெல்டாவின் போசன் அரிசி வாங்குவோம். பால் பொங்கினால் மணம் தெருவுக்கே போகும். முதல் படையல் சூரியனுக்கு, மறுநாள் மாட்டுக்கு, நடுவில் அண்டை வீடுகளுக்கு. சில வாரம் கழித்து, பெரும்பாலும் பிப்ரவரியில், தபோத்வே பௌர்ணமி. அதற்குப் பர்மியர்கள் 'தமனே' கிண்டுவார்கள். பசை அரிசி, எள், வேர்க்கடலை, தேங்காய்க் கீற்று, இஞ்சி, நிறைய எண்ணெய். பெரிய இரும்புச் சட்டியை அடுப்பில் ஏற்றி, துடுப்பு மாதிரி நீளமான கட்டையால் இரண்டு மூன்று ஆண்கள் சேர்ந்து கிண்ட வேண்டும், ஒருவரால் ஆகாது. ஷ்வேதகோனில் இதற்குப் போட்டியே நடக்கும். கிண்டியதை முதலில் புத்தருக்குப் படைப்பார்கள், அப்புறம் பிக்குகளுக்கு, அப்புறம் தெருவுக்கு. வாழையிலையில் சூடாக வரும்.

ஒன்று சூரியன் வட திசைக்குத் திரும்புவதற்காக, மற்றொன்று குளிர் மாதத்தின் பௌர்ணமிக்காக. கணக்கு வேறு, கடவுள் வேறு. ஆனால் இரண்டுமே புது அரிசி வீட்டுக்கு வந்த பிறகு வருகிற பண்டிகைகள். களஞ்சியம் நிறைந்திருக்கும் மாதத்தில் கொடுக்காதவன் வேறு எந்த மாதத்தில் கொடுப்பான்? விவசாயம் செய்த எல்லாச் சமூகத்திலும் இந்த நியாயம் ஓடுகிறது என்று நினைக்கிறேன். இந்த நாட்டின் இன்னோர் இனமான கரேன் மக்களும் தங்கள் புத்தாண்டைப் ப்யாதோ மாதத்து முதல் நாளில், அதாவது டிசம்பர் ஜனவரியில், அறுவடை முடிந்த பிறகுதான் கொண்டாடுகிறார்கள். பசை அரிசியையும் எள்ளையும் ஒன்றாகக் குத்திப் பகிர்வார்கள். எள்ளும் அரிசியும் இந்த நாட்டுக் குளிர்காலத்தின் பொதுமொழி என்றே சொல்லலாம்.

2000ஆம் ஆண்டு டிசம்பர் கடைசி வாரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்போது எனக்குப் பத்து வயது. டிசம்பர் 25 கிறிஸ்துமஸ். அன்றுதான் அமாவாசை. அதனால் கரேன் புத்தாண்டும் ரமலான் நோன்புப் பெருநாளும் அடுத்தடுத்து அதே வாரத்தில் வந்து நின்றன. இஸ்லாமிய ஆண்டு நம் ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைவு, ஆகவே பெருநாள் எல்லாப் பருவத்தையும் சுற்றி வரும். அந்த வருஷம் குளிருக்கு வந்திருந்தது.

ஐந்தாம் மாடியில் ஒரு கரேன் கிறிஸ்தவக் குடும்பம். டிசம்பர் பிறந்ததும் அவர்களுக்கு அது 'ஸ்வீட் டிசம்பர்'. தேவாலயத்துப் பிள்ளைகள் இரவில் கித்தாரோடு வீடு வீடாகப் பாடப் போவார்கள். எங்கள் வீட்டுக்கு வந்து பாடியபோது அப்பா உறையில் காசு வைத்துக் கொடுத்தார். அம்மா தட்டு நிறைய முறுக்கு வைத்தாள். பாட்டு முடியும்வரை அப்பத்தா சுவாமி படத்துக்குப் பக்கத்தில் கைகூப்பி நின்றாள். யாரும் அவளை நிற்கச் சொல்லவில்லை.

அப்பாவின் நண்பர் ஒருவர், சூலியா பள்ளிவாசல் பக்கம் கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம். நாங்கள் பாய் மாமா என்போம். பெருநாளுக்கு முந்தின மாலை அவர் அரிசி மூட்டையை அவிழ்த்து அளந்துகொண்டிருந்தார். "மாமா, பெருநாள் நாளைக்குத்தானே?" என்றேன். "பெருநாள் தொழுகைக்கு முன்னாடி ஃபித்ரா போய்ச் சேர்ந்திடணும் தம்பி. அப்புறம் கொடுத்தா அது சும்மா தருமம். நாளைக்குக் காலையில ஒருத்தன் பசியோட இருக்க, நான் எப்படித் தொழப் போவேன்?" என்றார். எங்கள் வீட்டுக்கு டான்பவுக் பிரியாணி மறுநாள் வந்தது. அரிசி அதற்கு முன்பே யார் யார் வீட்டுக்கோ போயிருந்தது.

உங்கள் கேள்விக்கு நான் கேட்ட பதில்களில் இதுதான் தெளிவானது. கொடுத்தால் நல்லது என்று அவருடைய மார்க்கம் விட்டுவிடவில்லை, நேரம் குறித்துக் கட்டளையே இட்டிருக்கிறது. நம் பக்கத்தில் இப்படிக் கெடு வைத்துச் சொல்லவில்லை, படைத்துவிட்டு உண் என்று வழக்கமாக வைத்தார்கள். பர்மியர்கள் 'சதுதித்தா' என்கிறார்கள், நான்கு திசையிலிருந்தும் வருகிற யாருக்கும் சாப்பாடு என்று பொருள். பந்தல் போட்டிருந்தால் யாரும் உட்காரலாம், என்ன மதம் என்று கேட்பதில்லை.

வேறுபாடுகளையும் மறைக்கக் கூடாது. இதே ரங்கூனில் 1930இலும் 1938இலும் இந்தியர்களுக்கு எதிரான கலவரங்கள் நடந்தன. 1964இல் கடைகள் அரசுடைமையான பிறகு ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் கப்பலேறின. அப்போதும் இந்தப் பண்டிகைகள் எல்லாம் இருந்தன. பலகாரம் பரிமாறிக்கொண்டால் பகை ஓடிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு கட்டடத்துக்குள் அது என்ன செய்யும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

கார்த்திகை தீபமும் தசாங்தைங்கும் சில வருஷம் ஒரே பௌர்ணமியில் சேரும், சில வருஷம் ஒரு மாதம் தள்ளிப் போகும். 2022இல் தசாங்தைங் நவம்பர் 7, தீபம் டிசம்பர் 6. அவர்கள் மாதம் நிலவை வைத்து நடக்கிறது, நம் தமிழ் மாதம் சூரியனை வைத்து நடக்கிறது. ஆனால் தசாங்தைங் இரவில் பர்மியர்கள் அண்ணாந்து பார்ப்பதும் நம் கார்த்திகை நட்சத்திரத்தைத்தான், அவர்களுக்குப் பாலி வழியாக வந்த பெயர். நிலவு அதோடு சேரும் இரவில் பறித்த மேசலி மொட்டுக்கு மருந்துக் குணம் உண்டு என்பது நம்பிக்கை. மேசலி என்பது மஞ்சள் கொன்றை. மொட்டை வேகவைத்துக் கசப்பைப் பிழிந்து, கடலையும் எள்ளும் வெங்காயமும் போட்டுப் பிசைவார்கள்.

2020இல் இரண்டும் ஒரே நாள், நவம்பர் 29. கொரோனா காலம். யாங்கோனில் வீட்டோடு இருக்கச் சொல்லியிருந்தார்கள். பகோடா மூடல், கோயில் மூடல். எங்கள் ஊர்க் கட்டடங்களில் ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் தெரு வரை ஒரு கயிறு தொங்கும், நுனியில் கிளிப். பேப்பர்காரர் பேப்பரை மாட்டுவார், காய்காரி பையை மாட்டுவாள், மேலே இழுத்துக்கொள்வோம். அன்று மாலை நாங்கள் அகல் வைத்தோம். நாலாம் மாடி ஆன்ட்டி மெழுகுவத்தி வைத்தார். எதிர்க் கட்டடம் முழுக்கவும் அப்படித்தான். எது கார்த்திகை, எது தசாங்தைங் என்று தெருவிலிருந்து பார்த்தால் தெரிந்திருக்காது.

சற்று நேரத்தில் ஆன்ட்டியின் கயிறு எங்கள் பால்கனிக்கு நேரே இறங்கியது. கிளிப்பில் பிளாஸ்டிக் டப்பா, உள்ளே மேசலி. அதே கயிற்றில் அம்மா பொரி உருண்டை கட்டி அனுப்பினாள், இந்த ஊர்ப் பனைவெல்லத்தில் பிடித்தது. ஆன்ட்டி மேலே இழுத்தார், அவர் கயிறு மூன்றாம் மாடிக்குப் போனது, அங்கிருந்து இன்னொரு கயிறு கீழே போனது. அன்றிரவு ஒன்பது மணி வரை கட்டடத்தில் கயிறுகள் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தன.

காலையில் அப்பா பேப்பருக்காக எங்கள் கயிற்றை இழுத்தார். பேப்பரோடு ஒரு காகிதப் பொட்டலமும் வந்தது. உள்ளே ஒரு புது லுங்கி, கட்டம் போட்டது. பெயர் எழுதவில்லை. அம்மா பால்கனிக்குப் போய் மேலே கூப்பிட்டுக் கேட்கப் பார்த்தாள். "கேக்காதே, பங்தகூ" என்று அப்பா தடுத்தார். அன்றைக்கே அதைக் கட்டிக்கொண்டார்.