வாசகர் கேள்வி – பதில்: ஸ்பிட்ஃபயர் ஏன் மல்லாந்து விழுகிறது?

போன இதழில் விமான சிமுலேட்டர் விளையாட்டுகளைப் பற்றி நான்கு வரிதான் எழுதினோம். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: இரண்டாம் உலகப் போர் விமானத்தை விளையாட்டுக்குள் எப்படிக் கட்டுவது? துண்டு துண்டாக அடுக்கி விமானம் கட்டிப் பறக்கவிடும் ‘சிம்பிள் பிளேன்ஸ்’ விளையாட்டைப் பற்றியே எல்லோரும் கேட்டிருப்பதால் பதில்களும் அதை வைத்தே.

கே: பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தில் மார்க் 1 வகையைக் கட்டினேன். ப்ளூபிரின்ட் படத்தைப் பின்னணியில் வைத்து மில்லிமீட்டர் பிசகாமல் இழைத்தேன், பெயின்ட்கூட அடித்துவிட்டேன். ஆனால் ரன்வேயை விட்டுக் கிளம்பியதும் மூக்கைத் தூக்கிக்கொண்டு மல்லாந்து விழுகிறது. வடிவம் சரியாக இருந்தும் ஏன்? (பிளஸ் டூ மாணவர், ஈரோடு)

பெயின்ட்டைக் கடைசியில் அடித்திருக்கலாம். சரி, போகட்டும். விளையாட்டின் டிசைனர் திரையில் கனமையத்தைக் காட்டும் சிவப்பு உருண்டையையும் தூக்குவிசை மையத்தைக் காட்டும் நீல உருண்டையையும் போட்டுப் பாருங்கள். சிவப்பு பின்னால் போயிருக்கும். நீங்கள் வெளித்தோற்றத்தை நகலெடுத்தீர்கள், எடை எங்கே இருந்தது என்பதை எடுக்கவில்லை. நிஜ ஸ்பிட்ஃபயரின் மூக்கில் 27 லிட்டர் மெர்லின் இன்ஜின், அதுவே 600 கிலோவுக்கு மேல். விளையாட்டில் நீங்கள் மாட்டிய இன்ஜினுக்கு அவ்வளவு எடை இருக்காது, அதோடு உடல் முழுக்க ஃபியூசலாஜ் (உடற்பகுதி) பிளாக்காக அடுக்கியிருப்பீர்கள், நீளமான வால் பக்கம் எடை தானாகச் சேர்ந்துவிடும்.

மூக்குப் பக்க பிளாக்குகளில் ‘டெட் வெயிட்’ என்ற கூடுதல் எடையை ஏற்றுங்கள், வால் பக்கம் குறையுங்கள். பெட்ரோலை இறக்கையில் வைக்காதீர்கள். மார்க் 1-இல் 85 இம்பீரியல் கேலன், அதாவது சுமார் 386 லிட்டர், விமானிக்கும் இன்ஜினுக்கும் நடுவே மேலும் கீழுமாக இரண்டு டாங்கியில் இருந்தது. அந்த இடம் கனமையத்துக்குப் பக்கத்திலேயே இருப்பதால் பெட்ரோல் தீரத் தீரச் சமநிலை பெரிதாகக் கெடாது. மொத்த எடை 2,700 கிலோவை ஒட்டி வரட்டும்.

சிவப்பு நீலத்துக்குச் சற்று முன்னால் வந்தால் போதும். பயந்துபோய் ரொம்ப முன்னால் தள்ளிவிட்டால் லாரி மாதிரி நேராகப் போகும், ஆனால் அது ஸ்பிட்ஃபயர் இல்லை. நாசாவுக்கு முன்னோடியான அமெரிக்காவின் நாகா அமைப்பு 1942-இல் மார்க் 5 ஒன்றைச் சோதித்தபோது, மூக்கு ஏறி இறங்கும் ஆட்டத்தில் அதற்குத் தானாக நிலைக்கும் குணம் மிகக் குறைவு என்றே கண்டது. ஸ்டிக்கைக் கொஞ்சம் இழுத்தாலே மூக்கு எகிறும். இரண்டு உருண்டையும் கிட்டத்தட்ட உரசிக்கொண்டிருக்க வேண்டிய விமானம் இது.

கே: ஸ்பிட்ஃபயரின் அழகே அந்த நீள்வட்ட இறக்கைதான். விளையாட்டிலோ நேர்விளிம்பு இறக்கைதான் இருக்கிறது. ஒட்டுப் போட்டுச் செய்தேன், இப்போது தரையிறங்கவே மாட்டேன் என்கிறது, ரன்வே முழுக்க மிதந்துகொண்டே போகிறது. (பொறியியல் மாணவி, கோவை)

இறக்கையை இரண்டு முறை வைத்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். உள்ளே பறப்பதற்கு ஒன்று, வெளியே வளைவு காட்ட இன்னும் நாலைந்து, எல்லாமே தூக்குவிசை கொடுக்கின்றன. வெளிவளைவுக்கு ‘ஸ்ட்ரக்சரல் பேனல்’ போடுங்கள், அது பார்வைக்கு மட்டும்தான். நிஜமாகத் தூக்கும் இறக்கைகளின் பரப்பு மொத்தம் 22.5 சதுர மீட்டர், முனைக்கு முனை 11.23 மீட்டர். இந்த இரண்டு எண்ணையும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பலரும் கவனிக்காத ஒன்று, அந்த இறக்கை முறுக்கியிருக்கும். உடலோடு சேரும் இடத்தில் 2 டிகிரி மேல்நோக்கி இருப்பது, முனைக்குப் போகப் போகக் குறைந்து, முனையில் அரை டிகிரி கீழ்நோக்கி முடியும். வேகம் குறையும்போது உடலை ஒட்டிய பகுதிதான் முதலில் காற்றுப்பிடியை இழக்கும். விமானம் கிடுகிடுவென்று நடுங்கி விமானிக்குச் சேதி சொல்லும், முனையில் இருக்கும் ஏலரான், அதாவது விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் மடல், அதுவரை வேலை செய்துகொண்டிருக்கும். வட்டமிட்டுத் துரத்தும் சண்டையில் அந்த நடுக்கத்தின் விளிம்பிலேயே ஓட்டினார்கள். விளையாட்டில் இதைக் கொண்டுவர, ஒரு பக்க இறக்கையை ஐந்து துண்டாகப் பிரியுங்கள். முதல் துண்டுக்கு 2 டிகிரி, கடைசித் துண்டுக்கு மைனஸ் அரை, நடுவில் உள்ளவற்றுக்குப் படிப்படியாக. ஏர்ஃபாயில், அதாவது இறக்கையின் குறுக்குவெட்டு வடிவம், ‘செமி சிமெட்ரிக்’ போதும், நிஜ இறக்கையின் வளைவும் லேசானதுதான்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கத்தைச் செய்து மிரர் அடித்தால், இரண்டு இறக்கையின் அடியிலும் ஒரே மாதிரிப் பெரிய ரேடியேட்டர் வந்து நிற்கும். மார்க் 1-இல் வலது பக்கம் மட்டும்தான் பெரிய ரேடியேட்டர், இடது பக்கம் சின்னதாக ஆயில் கூலர். இரண்டு பக்கமும் பெரிதாக வந்தது பின்னால், மார்க் 9 போன்றவற்றில். 1940-ஆம் வருஷ வண்ணத்தை அடித்து, அடியில் இரட்டை ரேடியேட்டர் வைத்த ஸ்பிட்ஃபயர்கள் ஏராளம். பார்த்தாலே எனக்குக் கை பரபரக்கும்.

கே: நிஜ ஸ்பிட்ஃபயர் தலைகீழானால் இன்ஜின் நின்றுவிடுமாமே? அதை விளையாட்டில் செய்ய முடியுமா? (மதுரை)

தலைகீழாகக்கூட வேண்டாம், சட்டென்று மூக்கைக் கீழே அழுத்தினாலே போதும். மெர்லினில் இருந்தது மிதவை வைத்த கார்புரேட்டர், பழைய பைக்கில் இருக்கும் அதே ஏற்பாடுதான். எடையற்ற நிலை வந்ததும் பெட்ரோல் கிண்ணத்தின் மேலே போய் ஒட்டிக்கொள்ளும், இன்ஜின் இருமும், பிறகு அளவுக்கு மீறிப் பெட்ரோல் பாய்ந்து மூச்சுமுட்டும். எதிரே வந்த ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109-இல் நேரடி எரிபொருள் ஊசி, அதற்கு இந்தத் தொல்லை இல்லை. பின்னால் ஸ்பிட்ஃபயர் வந்தால் ஜெர்மன் விமானி மூக்கைக் குத்திக்கொண்டு கீழே பாய்ந்துவிடுவார், துரத்துகிறவர் அரைச் சுற்றுப் புரண்டு பிறகு பாய வேண்டும், அதற்குள் ஆள் எங்கோ. 1941-இல் ஃபார்ன்பரோ ஆய்வகத்தில் பியாட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் பொறியாளர், பெட்ரோல் அளவுக்கு மேல் பாயாதபடி தடுக்கும் ஓட்டை போட்ட ஒரு சின்ன உலோகத் துண்டைச் செய்துகொடுத்தார். முழுத் தீர்வு இல்லை, ஆனால் உயிர் காத்தது.

விளையாட்டில் இதைச் செய்ய, பார்ட்டுகளுக்கு நிபந்தனை எழுதும் ‘ஃபங்கி ட்ரீஸ்’ வசதி இருக்கிறது. இன்ஜினின் இன்புட் பெட்டியில் வெறும் திராட்டிலுக்குப் பதில் ஒரு நிபந்தனை எழுதுங்கள்: ஜி விசை பூஜ்ஜியத்துக்குக் கீழே போனால் பூஜ்ஜியம், இல்லையென்றால் திராட்டில். ஒரே வரிதான். நேராகப் பறக்கும்போது அந்த எண் என்ன காட்டுகிறது என்று முதலில் ஒரு தடவை பார்த்துவிட்டு எல்லையை வையுங்கள்.

இப்படிப்பட்ட குறைகளைச் சேர்க்கச் சேர்க்கத்தான் விமானத்துக்குக் குணம் வரும் என்பது என் கட்சி. ஓடுபாதையில் இடது பக்கம் இழுப்பதைச் சேருங்கள். மெர்லினின் புரொப்பெல்லர் விமானி இருக்கையிலிருந்து பார்த்தால் வலஞ்சுழி, அதனால் அந்த இழுப்பு. பின்னால் வந்த கிரிஃபன் இன்ஜின் எதிர்ப்பக்கம் சுற்றும், அது வலது பக்கம் இழுத்துப் பழைய விமானிகளைத் திணறடித்தது. விளையாட்டில் இழுப்பு வரவில்லை என்றால் செங்குத்து வாலை ஒரு துளி திருப்பி வையுங்கள். அப்புறம் சக்கரங்கள்: கால்கள் உடலுக்குப் பக்கத்தில் முளைத்து வெளிப்பக்கமாக மடங்கும், இரண்டு சக்கரத்துக்கும் நடுவே 1.75 மீட்டர்கூட இல்லை. தரையில் தள்ளாடும், பிரேக்கை அழுத்திப் பிடித்தால் குப்புற விழுந்து புரொப்பெல்லர் மண்ணைக் கிளறும். உங்கள் விமானமும் அப்படி விழுந்தால் அதைக் கோளாறு என்று திருத்திவிடாதீர்கள்.

கே: என் மகன் மணிக்கணக்கில் போனில் விமானம் கட்டுகிறான். இதில் படிப்பு ஏதாவது இருக்கிறதா, அல்லது எல்லாமே சாக்குதானா? (ஒரு தாயார், தஞ்சாவூர்)

அவனைக் கூப்பிட்டு “உன் விமானம் ஏன் மூக்கைத் தூக்குது?” என்று கேளுங்கம்மா. ‘கனமையம் பின்னால போச்சு’ என்று சொன்னால் இயற்பியல் படித்திருக்கிறான். ‘கேம் சரியில்ல’ என்றால் போனை வாங்கி வைத்துவிடலாம்.

கே: 1942-இல் எங்கள் ஊர் மீது ஜப்பான் குண்டு போட்டதைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த ஜீரோ விமானத்தையும் எதிர்த்து நின்ற ஸ்பிட்ஃபயரையும் கட்டி ஒன்றோடொன்று பறக்கவிட ஆசை. எதிலிருந்து தொடங்கலாம்? (திருகோணமலை)

முதலில் ஒரு திருத்தம். 1942 ஏப்ரல் 5-இல் கொழும்பிலும் ஏப்ரல் 9-இல் உங்கள் திருகோணமலையிலும் ஜீரோக்களை எதிர்த்தவை ஸ்பிட்ஃபயர்கள் இல்லை, பிரிட்டனின் இன்னொரு போர் விமானமான ஹரிகேன்கள். உங்கள் ஊர் சைனா பே தளத்தில் இருந்தது 261-ஆவது ஸ்குவாட்ரன் (விமானப் படைப்பிரிவு), கொழும்பை ஒட்டிய ரத்மலானையில் 30-ஆவது, கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலையே ஓடுதளமாக்கி 258-ஆவது.

ஜீரோவிலிருந்து தொடங்குங்கள். இதில் ஒரு சுவாரசியம் உண்டு. அதன் ஏ6எம்2 வகையின் இறக்கைப் பரப்பு 22.44 சதுர மீட்டர், ஸ்பிட்ஃபயருடையதும் ஏறக்குறைய அவ்வளவேதான். இன்ஜின் 950 குதிரைசக்தியை ஒட்டித்தான், மெர்லினைவிடக் குறைவு. ஆனால் போருக்குக் கிளம்பும்போது எடை 2,400 கிலோ சொச்சம்தான். விமானிக்குக் கவசத் தகடு கிடையாது, குண்டு பட்டால் தானாக அடைத்துக்கொள்ளும் டாங்கியும் கிடையாது. அந்த 300 கிலோவைக் குறைத்ததில்தான் அதன் வட்டமிடும் திறமையும் இருக்கிறது, ஒரே சரத்தில் தீப்பிடித்ததும் இருக்கிறது. விளையாட்டில் எடையைக் கறாராக வைத்தால் திரும்பும் திறமை தானாக வரும். அதிவேகத்தில் மட்டும் ஏலரான் கல்லாக இறுகிவிடும், அதனால் வேகம் கூடக் கூட ஏலரான் அசையும் அளவைக் குறைக்க ஒரு வரி எழுதிவிடுங்கள். இறக்கை முனையில் அரை மீட்டர் மேல்நோக்கி மடங்கும், விமானம் தாங்கிக் கப்பலின் லிஃப்டில் இடிக்காமல் இறங்குவதற்கு. ஒரு ரொட்டேட்டர் (சுழலும் பார்ட்) வைத்தால் மடக்கிக் காட்டலாம்.

ஹரிகேன் இன்னும் சுலபம். தடித்த இறக்கை, அகலமாக ஊன்றும் சக்கரம், வளைவு நெளிவு குறைவு. உடலின் பின்பாதி சட்டத்தின் மேல் துணி இழுத்துக் கட்டியது, அந்த வரிவரியான தோற்றத்தைக் காட்ட மெல்லிய பட்டைகள் ஒட்டினால் போதும்.

கே: ஆணி, ரிவெட் எல்லாம் வைத்தேன், போன் அடுப்பாகக் கொதிக்கிறது, படம் நின்று நின்று ஓடுகிறது. (சேலம்)

ரிவெட்டை எல்லாம் எடுத்துவிடுங்கள். மெனக்கெட்டு வைத்ததை எடுக்க மனசு வராதுதான், ஆனால் பத்தடி தள்ளிப் பார்த்தால் நிஜ விமானத்திலேயே அது தெரியாது. காக்பிட்டுக்குள் இரண்டு மூன்று கருவியும் ஸ்டிக்கும் போதும். மிச்சமாகும் பார்ட்டுகளை இறக்கைத் துண்டுகளுக்கும் சக்கரக் காலுக்கும் செலவழியுங்கள்.