வாசலைத் தாண்டாத பூனைக்கு ஊசி எதற்கு?

பெரம்பூர் வாசகி ஒருவர் கேட்கிறார்: தெருவில் எடுத்த பூனைக்குட்டிக்கு இரண்டு மாதத்தில் ஒரு தடுப்பூசி போட்டோம். அடுத்ததற்குப் போக முடியவில்லை. இப்போது ஐந்து மாதம். மூன்றாவது மாடி வீடு, வெளியே விடுவதே இல்லை. இனியும் ஊசி வேண்டுமா?

வேண்டும். பூனை வெளியே போகாது, சரி. உங்கள் செருப்பு போகிறதே! பான்லுகோபீனியா என்ற நோயின் வைரஸ் தரையிலும் துணியிலும் ஒரு வருடம்கூட உயிரோடு இருக்கும். மாடிப்படியில் படுத்துக்கிடக்கும் தெருப்பூனை ஒன்றே போதும். குட்டிகளுக்கு இது வந்தால் வாந்தி, பேதி. தண்ணீர்க் கிண்ணத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கும், ஆனால் குடிக்காது. வெள்ளை அணுக்கள் சரிந்து, இரண்டே நாளில் கைமீறிப் போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பினாயில் போட்டுத் துடைத்தாலும் இந்த வைரஸ் சாகாது, பூனைக்குத்தான் அது நஞ்சு. பிளீச் கரைசலால் துடைத்து, நன்றாகக் கழுவிக் காயவைத்த பிறகே பூனையை அங்கே விடுங்கள்.

இந்த நோயோடு சளி, கண்ணில் நீர், வாய்ப்புண் வரவழைக்கும் ஹெர்பஸ், கேலிசி வைரஸ்களுக்கும் சேர்த்து ஒரே கூட்டு ஊசி இருக்கிறது. பின்னைய இரண்டும் ஊசிக்குப் பிறகும் வரலாம், ஆனால் லேசாகப் போய்விடும்.

ஒரு ஊசி ஏன் போதாது? தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புப் பொருள் குட்டியின் உடம்பில் இருக்கும்வரை ஊசி மருந்தை அது முறித்துவிடும். அது எப்போது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் 6 அல்லது 8 வாரத்தில் ஆரம்பித்து, 16 வாரம் தாண்டும்வரை 3, 4 வாரத்துக்கு ஒருமுறை போடுகிறோம். உங்கள் குட்டி அந்த வயதைக் கடந்துவிட்டது, இடைவெளியும் நீண்டுவிட்டது. ஆகவே இப்போது ஒன்று, 3 அல்லது 4 வாரம் கழித்து இன்னொன்று. அப்புறம் ஒரு வருடத்தில் பூஸ்டர். அதற்குமேல் எத்தனை வருடத்துக்கு ஒருமுறை என்பதை உங்கள் டாக்டர் பூனையைப் பார்த்துச் சொல்வார்.

வெறிநோய் ஊசியை 12 வாரத்திலேயே போட்டிருக்கலாம். கூட்டு ஊசி போடும் அன்றே, உடம்பின் வேறு இடத்தில் போட்டுக்கொள்ளலாம். நாய்க்குத்தான் வெறிநோய் என்ற நினைப்பு இன்னும் பலருக்கு இருக்கிறது. பூனைக்கும் வரும், அது கடித்தால் நமக்கும் வரும். தெருப்பூனை கடித்தாலோ கீறினாலோ காயத்தை உடனே சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள்.

உங்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி பக்கம்தான். மூடிய கூடையில் கொண்டுபோங்கள். மடியில் வைத்து ஆட்டோவில் போய், ஹாரன் சத்தத்தில் பூனையைத் தொலைத்தவர்கள் உண்டு. ஊசி போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். முகம் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ உடனே பார்த்துவிடலாம். ஒரு நாள் சோர்ந்து படுத்திருப்பது சாதாரணம். உடம்பு சுடுகிறதே என்று பாராசிட்டமால் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும்.