நீண்ட விமானப் பயணத்தில் கால் வீங்காமல், ரத்தம் கட்டாமல் இருக்க என்ன செய்யலாம்?

எழுபது வயது அம்மாவை அமெரிக்கா அழைத்துப் போவதாகச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். நானும் என் அம்மாவைச் சென்னையிலிருந்து துபாய் வழியாக சான் பிரான்சிஸ்கோ கூட்டி வந்தவன்தான். இரண்டாவது விமானம் மட்டும் கிட்டத்தட்ட 16 மணி நேரம். இறங்கும்போது அம்மாவுக்குச் செருப்பு காலில் ஏறவில்லை. மெட்டி விரலில் புதைந்துபோய், வீட்டுக்கு வந்து சோப்பு போட்டுத்தான் கழற்றினோம்.

விசாரித்தால், வழியெல்லாம் தண்ணீரே குடிக்கவில்லையாம். "பாத்ரூம் போகணும்னா ரெண்டு பேரை எழுப்பணும்டா" என்றார். ஜன்னல் சீட்டை ஆசையாக எடுத்துக் கொடுத்தது நான்தான்!

தண்ணீர் குடிக்காததைவிட, எழுந்திருக்காததுதான் பெரிய தப்பு. காலில் இருக்கும் ரத்தத்தை மேலே தள்ளும் பம்பு கெண்டைக்கால் தசைதான். அசையாவிட்டால் ரத்தம் அங்கேயே தேங்கிக் கட்டியாகலாம், அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைக்கவும் செய்யலாம். விமானம்தான் என்றில்லை, நாகர்கோவில் பஸ்ஸிலும் இதே கதைதான். 1940-இல் லண்டனில் குண்டுவீச்சுக்குப் பயந்து, பதுங்குமிடங்களில் இரவெல்லாம் சாய்வு நாற்காலியில் கிடந்தவர்களில் சிலர் நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்து இறந்திருக்கிறார்கள். 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பயணம் செய்தால் ஆபத்து சுமார் 2 மடங்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம். பயந்துவிடாதீர்கள், அதுவும் சுமார் 6,000 பேரில் ஒருவருக்குத்தான்.

திரும்பும்போது நடைபாதை ஓர சீட். அம்மா ஒரு காலத்தில் தையல் மிஷின் மிதித்தவர். அதே மாதிரி குதிகாலையும் முன்பாதத்தையும் மாற்றி மாற்றித் தூக்கச் சொன்னேன். பையைக் காலடியில் வைக்கவில்லை, கால் நீட்ட இடம் வேண்டுமே. தூக்க மாத்திரையும் வேண்டாம் என்றுவிட்டேன். மெட்டியை ஏறும் முன்பே கழற்றிப் பர்ஸில் போட்டுக்கொண்டார்.

முழங்கால் வரை வரும் இறுக்கமான காலுறையை டாக்டரிடம் கேட்டு, கணுக்காலையும் கெண்டைக்காலையும் அளந்து வாங்குங்கள். கால் வீங்கும் முன்பே, காலையிலேயே போட்டுவிட வேண்டும். மேல் விளிம்பை மடித்துவிட்டால் ரப்பர் பேண்டு மாதிரி இறுக்கும். சர்க்கரையால் கால் மரத்துப்போனவர்கள், காலுக்கு ரத்த ஓட்டம் குறைந்தவர்கள் கேட்காமல் போடவே கூடாது. ஆஸ்பிரினும் அப்படித்தான், பயணத்துக்கென்று நீங்களாகக் கொடுக்காதீர்கள். முன்பு ரத்தம் கட்டியவர், அண்மையில் ஆபரேஷன் ஆனவர், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர் என்றால் டிக்கெட் போடும் முன்பே டாக்டரைப் பாருங்கள்.

அப்புறம், இரண்டு காலும் ஒரே மாதிரி வீங்கி ஓரிரு நாளில் வடிந்தால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்துச் சூடாக இருந்தால் அன்றே ஆஸ்பத்திரி. மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே அவசர சிகிச்சைப் பிரிவு. பயணம் முடிந்து சில வாரம் கழித்துக்கூட ரத்தக்கட்டி வரலாம்.